கிட்டா, வரைபடமா, பாதிக் கிட்டா: சின்ன மரப் பந்தயப் படகு கட்டப்போகிறவருக்கு

எட்டு அடி நீளத்தில் ஒரு மரப் பந்தயப் படகு கட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வெட்டிய துண்டுகளோடு வரும் கிட் வாங்கலாமா, வரைபடம் மட்டும் வாங்கி நானே வெட்டிக்கொள்ளட்டுமா?" என்பதுதான். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: யாரோடு போட்டி போடப் போகிறீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. படகைப் பற்றித்தான் யோசித்திருப்பார்களே தவிர, பக்கத்தில் ஓடப்போகும் படகைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. பந்தயப் படகுகள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டு ஓடுகின்றன. ஒரு வகை என்றால் நீளம், அடிப்பாகத்தின் வடிவம், குறைந்தபட்ச எடை, மோட்டாரின் குதிரைத்திறன் எல்லாம் விதியில் இருக்கும். அந்த விதிக்குள் வராத படகை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அதற்கு எதிரி கிடையாது, கைக்கடிகாரம்தான் எதிரி. ஆகவே கிட்டா வரைபடமா என்ற கேள்விக்கு விடை பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் படகை இறக்கப்போகும் நீர்நிலையில் ஏற்கெனவே ஒரு வகை ஓடுகிறது என்றால் அதையே கட்டுங்கள். அந்த வகைக்குக் கிட் உண்டு என்றால் கிட்டையே வாங்குங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் 'காக்டெயில் கிளாஸ்' படகுகள். சார்லஸ் மெக்ரெகர் 1939இல் வரைந்த 'ஸ்குவா' என்ற 8 அடி படகுதான் இதன் மூலம். ஒரே ஆள் உட்காரும் அளவு, 6 அல்லது 8 குதிரைத்திறன் கொண்ட, படகின் பின்னால் வெளியே மாட்டும் சின்ன அவுட்போர்டு மோட்டார், பிளைவுட் உடம்பு. செசபீக் லைட் கிராஃப்ட் என்ற நிறுவனம் இதைத் துண்டு துண்டாக வெட்டிக் கிட்டாக விற்கிறது. மோட்டார் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்று, உடம்பும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் ஜெயிப்பது எது? கட்டிய கையின் நேர்த்தி, ஓட்டுபவரின் எடை, அவர் படகில் எங்கே உட்காருகிறார் என்பது, வளைவில் எப்போது திரும்புகிறார் என்பது. இந்த ஆட்டத்தில் கலந்துகொள்ள விரும்புகிறவருக்கு 'நானே புதிதாக ஒன்று வடிவமைக்கிறேன்' என்ற ஆசை வெறும் தொந்தரவுதான்.

பக்கத்தில் எந்த வகையும் ஓடவில்லை, இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து நாமே ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறீர்கள், அல்லது வேகமாகப் போனால் போதும் என்றிருக்கிறீர்கள். அப்போது வரைபட உலகம் பெரியது. 1953இல் தொடங்கிய கிளென்-எல் நிறுவனத்தின் 'டைனி டைட்டன்' 8 அடி ஹைட்ரோபிளேன், அதாவது வேகத்தில் நீரை அங்கங்கே மட்டும் தொட்டு ஓடும் படகு. அவர்களுடைய 'ஸ்குவர்ட்' 10 அடி, பந்தயத்தைவிட உல்லாசத்துக்கு ஏற்றது. வில்லியம் ஜாக்சனின் 'மினிமேக்ஸ்' 8 அடி. கனடாவில் இந்த ரகச் சின்ன ஹைட்ரோபிளேன்களை 'சீ ஃப்ளீ' என்று அழைக்கிறார்கள். கடலில் தத்தும் தெள்ளுப்பூச்சி என்று வைத்துக்கொள்ளலாம். ஓடுவதைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று புரியும்.

ஏன் பெரும்பாலும் எட்டு அடி? பிளைவுட் தாள் 8 அடிக்கு 4 அடி என்பதை மறந்துவிடாதீர்கள். அடிப்பாகத்தை ஒட்டுப் போடாமல் ஒரே தாளில் முடிக்க முடிகிறது. நீளம் கூடினால் தாள்களை இணைக்க வேண்டும். அதற்குக் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்கு இரண்டு விளிம்புகளையும் சரிவாகச் சீவி ஒட்டுவது வழக்கம். 6 மி.மீ. பிளை என்றால் 48 மி.மீ. சரிவு. கிட்டில் இதற்குப் பதிலாகப் புதிர்த் துண்டு போலக் கோத்துக்கொள்ளும் இணைப்பை இயந்திரமே வெட்டித் தந்துவிடும்.

சரி, வடிவத்துக்கு வருவோம். கிட் பட்டியலில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

எட்டு அடிப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சாதாரணமாகப் போனால் மணிக்கு 7 கி.மீ. அளவில் அதன் வேகம் முட்டி நின்றுவிடும். தானே எழுப்பும் அலையின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் போக வேண்டுமானால் அந்த அலை மேல் ஏறி, நீரின் மேற்பரப்பில் வழுக்க வேண்டும். தட்டையான அடியுள்ள படகு தன் பின்பாதியை முழுதாக நீரில் தேய்த்துக்கொண்டு வழுக்கும். ஹைட்ரோபிளேன் அப்படி இல்லை. அதன் முன்பக்கம் இருபுறமும் இரண்டு கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். வேகத்தில் அந்தக் கட்டைகளின் பின்முனைகளும் பின்பக்கம் புரொப்பெல்லர் இருக்கும் இடமும் மட்டும் நீரைத் தொடும். மூன்று புள்ளி. நடுவில் வயிற்றுக்கடியில் காற்று புகுந்து படகைத் தூக்கிப் பிடிக்கும். 1930களில் அமெரிக்காவின் வென்ட்னர் படகுக் கூடத்தில் இந்த மூன்று புள்ளி வடிவம் உருப்பெற்றபோது பழைய பந்தயப் படகுகள் எல்லாம் ஒரே அடியில் கிழடாகிப் போயின.

நேர்ப் பாதையில் அதே மோட்டாருக்கு ஹைட்ரோபிளேன்தான் வேகம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் காற்றுதான் ஆபத்தும். எதிர்க்காற்று ஒன்று வீசி மூக்கு கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டால் படகு பின்னோக்கிக் கவிழும். ஓட்டுபவர் மண்டியிட்டு, நெஞ்சை முன்னால் சாய்த்து ஓட்டுவது பகட்டுக்கு இல்லை, மூக்கை அமுக்கி வைக்கத்தான். அலை கொஞ்சம் கூடினாலும் பற்கள் ஆடும். தட்டை அடிப் படகு மன்னிக்கும் குணம் கொண்டது. கொஞ்சம் தத்தும், வளைவில் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் அடியில் மீன் துடுப்பு போன்ற ஒரு சின்ன உலோகத் தகட்டைப் பொருத்தினால் தண்ணீரைப் பிடித்துத் திரும்பும். வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஓட்டப் போகிறது என்றால் நான் தட்டை அடியைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன்.

கட்டுவதிலும் வித்தியாசம் உண்டு. ஹைட்ரோபிளேனின் இரண்டு கட்டைகளும் ஒரே கோணத்தில் ஒரே உயரத்தில் அமைய வேண்டும். ஒன்று சில மி.மீ. தாழ்ந்தாலே படகு ஒரு பக்கமாக இழுக்கும். முதல் படகுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

இப்போது கிட்டின் கதை. 'கிட்' என்ற சொல்லே பல பொருள் தருவது. சிலருடைய கிட்டில் வெட்டிய மரம் மட்டும் இருக்கும். சிலருடையதில் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை), ஃபைபர் துணி, கம்பி, திருகு, கையேடு எல்லாம் இருக்கும். வண்ணம், மோட்டார், திருப்பும் சாதனம், கைப்பிடி, டிரெய்லர் இவை அநேகமாக எதிலும் இருக்காது. விலையை ஒப்பிடும் முன் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். எபாக்சி தனியாக வாங்கும் வாய்ப்பு இருந்தால் அதைப் பக்கத்திலேயே வாங்குவது நல்லது. அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர் பெரும்பாலும் அரிக்கும் பொருள் என்ற வகையில் வருவதால் தூரத்திலிருந்து அனுப்புவது சிக்கல். மரம் வந்து சேர்ந்து, பசை வராமல் உட்கார்ந்திருப்பதைப் போல எரிச்சல் வேறில்லை.

கிட் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் என் அனுபவத்தில் குறிப்பதும் வெட்டுவதும் மொத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் ஒட்டுவது, காயக் காத்திருப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மறுபடி பூசுவது, மறுபடி தேய்ப்பது. அந்தப் பங்கைக் கிட் தொடுவதே இல்லை. நான் முதலில் வரைபடத்திலிருந்து ஒரு படகு கட்டினேன், பிறகு கிட்டிலிருந்து ஒன்று. இரண்டாவது வேகமாக முடிந்ததற்குப் பாதிக் காரணம் கிட், பாதிக் காரணம் அது இரண்டாவது என்பது.

கிட் உண்மையில் விற்பது நேரத்தை அல்ல, துல்லியத்தை. பந்தயப் படகில் அந்தத் துல்லியம் எங்கே தேவை என்று தெரிந்தால்தான் அதற்குக் கொடுக்கும் காசு நியாயமா என்று முடிவு செய்ய முடியும். பக்கவாட்டில் ஒரு மி.மீ. பிசகினால் யாருக்கும் தெரியாது, பட்டி பூசி மறைத்துவிடலாம். ஆனால் அடிப்பாகத்தின் கடைசி நாலு அடி, அதாவது படகு வழுக்கும் பரப்பு, படகின் பின்முனையை மூடும் பின்பலகை வரை நேர்கோட்டில் இருக்க வேண்டும். நீளமான நேர்ச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. அங்கே உட்குழிவு இருந்தால் பின்பக்கம் தூக்கப்பட்டு மூக்கு நீரில் அமுங்கும், வேகம் போய்விடும். வெளிப்புறம் உப்பலாக இருந்தால் பின்பக்கம் உள்ளே உறிஞ்சப்பட்டு மூக்கு ஏறி இறங்கிக் குதிரைபோல ஆடும். பின்பலகையும் அடிப்பலகையும் சேரும் ஓரம் கத்திபோல் கூராக இருக்க வேண்டும். அழகுக்காக அதை உருட்டிவிட்டால் நீர் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், படகை விடாது.

என் முதல் படகில் நான் செய்த தவறு இதுதான். வரைபடம் சரி, வெட்டும் சரி. பின்பலகையின் கீழ் ஓரத்தைச் சரிவாகச் சீவும்போது இழைப்புளி கொஞ்சம் கூடுதலாகத் தின்றுவிட்டது. அடிப்பலகையை அதன் மேல் இழுத்துத் திருகியபோது ஓர் உப்பல் விழுந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீரில் இறக்கியதும் தெரிந்தது. முழு விசையில் அது தவளை மாதிரி தத்தியது. பிறகு படகைக் கவிழ்த்துப் போட்டு, பசையில் குழைத்த பட்டியை நீளச் சட்டத்தால் இழுத்துத் தடவி, தேய்த்து நேராக்க வேண்டியதாயிற்று. படகு கனத்தது, பொறுமை கரைந்தது.

கிட்டாக இருந்தால் இது நடந்திருக்காதா? அந்தத் தவறு நடந்திருக்காது. வேறொன்று நடந்திருக்கலாம். கணினி வெட்டிய துண்டுகள் சரியாக இருக்கும், அவற்றைச் சேர்க்கும் தரை சரியாக இருக்க வேண்டுமே. கம்பியால் தைத்து நிறுத்திய படகு உடம்பு, பசை போடும் முன் துணிப்பை மாதிரி நெளியும். ஒரு மூலை தாழ்ந்த மேசையில் அதை ஒட்டிவிட்டால் ஆயுள் முழுக்க முறுக்கு இருக்கும். முன்னால் ஒரு சட்டம், பின்னால் ஒரு சட்டம் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடி இரண்டும் இணையாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது, மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் ஒன்றா என்று பார்ப்பது, இந்த இரண்டையும் ஒரு நாள் முழுக்கச் செய்யலாம். கையேட்டில் இது ஒரு பத்தியாக இருக்கும். பந்தயப் படகுக்கு அந்த ஒரு பத்திதான் உயிர்.

தைத்து ஒட்டும் முறையைச் சொல்லிவிட்டேன், விளக்கவில்லை. பலகைகளின் ஓரத்தில் சின்னத் துளைகள் போட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டில் எபாக்சிப் பசையைக் குழைத்து வளைவாகப் பூசி, ஃபைபர் நாடாவை ஒட்டுவது. 1962இல் பாரி பக்னெல், ஜாக் ஹோல்ட் இருவரும் வடிவமைத்த 'மிரர்' என்ற பாய்மரப் படகு இந்த முறையை உலகமெங்கும் கொண்டுபோனது. இன்றைய கிட்டுகளில் பாதிக்கு மேல் இந்த வழிதான் என்று தோன்றுகிறது. தச்சு தெரியாதவரும் செய்யலாம்.

பழைய முறை, முதலில் குறுக்குச் சட்டங்களை ஒரு மேடை மேல் தலைகீழாக நிறுத்தி, அவற்றை நீளக் கட்டைகளால் இணைத்து, அதன் மேல் பிளைவுட்டைத் திருகி ஒட்டுவது. கிளென்-எல் வகைப் படகுகள் பலவும் இப்படித்தான். இதில் சட்டங்களின் ஓரங்களைப் பலகை படியும் கோணத்துக்குச் சீவ வேண்டும், அதுதான் கை பழக வேண்டிய இடம். ஆனால் சட்டங்கள் மேடையில் நிற்பதால் முறுக்கு வருவது குறைவு. தையல் முறையில் எளிமை அதிகம், நெளிவும் அதிகம். சட்ட முறையில் உழைப்பு அதிகம், நேரான உடம்பு தானாக வருகிறது. இரண்டையும் செய்தவன் என்ற முறையில் எனக்குச் சட்ட முறை மேல் ஒரு சாய்வு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

இங்கேதான் பாதிக் கிட் கைகொடுக்கிறது. குறுக்குச் சட்டங்களும் பின்பலகையும் மட்டும் வெட்டித் தயாராக வரும். பிளைவுட்டை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியது. கடினமான வடிவங்கள் வந்துவிடுகின்றன, பெரிய தாள்களைத் தூரத்திலிருந்து வரவழைக்கும் செலவு இல்லை. பக்கத்தில் நல்ல கடல்தரப் பிளைவுட் கிடைக்கும் என்றால், என் கணக்கில் மூன்று வழிகளிலும் இதுதான் காசுக்குத் தகுந்த வழி. கிடைக்காது என்றால் முழுக் கிட்டே மேல். ஏனென்றால் பிளைவுட் விஷயத்தில் ஏமாறுவது மிகச் சுலபம்.

நல்ல பிளைவுட் என்றால் பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்துக்கு ஒத்தது. உள்ளடுக்குகளில் ஓட்டை கூடாது, ஒட்டியிருப்பது கொதிநீரையும் தாங்கும் பசையாக இருக்க வேண்டும். ஓகூமே, மெராண்டி என்று இரண்டு மரங்கள் அடிக்கடி வரும். ஓகூமே லேசானது. 6 மி.மீ. கனத்தில் ஒரு முழுத் தாள் எட்டு ஒன்பது கிலோதான் இருக்கும். மெராண்டி கனம், ஆனால் உறுதியும் அழுகலைத் தாங்கும் குணமும் கூடுதல். ஓகூமே தானாக அழுகலைத் தாங்காது, எல்லா ஓரமும் எல்லாத் துளையும் எபாக்சியால் அடைபட வேண்டும். முத்திரையை நம்பாதவர்கள் ஒரு துண்டை வாங்கி ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, காய வைத்து, அடுக்கு பிரிகிறதா என்று பார்ப்பார்கள். நானும் செய்தேன். வீட்டில் அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவில்லை.

எந்த வழியானாலும் எபாக்சி ஒன்றுதான், அதன் குணமும் ஒன்றுதான். கலக்கும் விகிதம் தயாரிப்பைப் பொறுத்து இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று மாறும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் காயவே காயாது, கோந்து மாதிரி நின்றுவிடும். ஆழமான கிண்ணத்தில் நிறையக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே புகையும். காய்ந்த பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியலாம். அதைத் தேய்க்கும் முன் தண்ணீரால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் பிடிக்காது. வெயில் எபாக்சியைக் கெடுக்கும், ஆகவே மேலே வண்ணமோ புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ அவசியம். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. பலருக்குத் தோலில் ஒவ்வாமை வருகிறது, ஒரு தடவை வந்துவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

எடை விஷயத்தில் கிட் ஒரு வகையில் தப்பிக்க வைக்கிறது, ஒரு வகையில் விடுவதில்லை. மரத்தின் எடையை அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். பசையின் எடையை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். ஃபைபர் துணியைக் கையால் பூசும்போது துணியின் எடைக்குச் சமமான பசை போதும், அதற்கு மேல் ஊற்றியது எல்லாம் வலு சேர்க்காது, கனம் மட்டும் சேர்க்கும். துணியின் நெசவு லேசாகத் தெரிய வேண்டும், பளபளவென்று குளம் கட்டக் கூடாது. விதியில் குறைந்தபட்ச எடை இருந்தால் அதை எட்டிப் பிடிப்பதே புது ஆளுக்குச் சவால். இந்த அளவுப் படகுகளில் ஓட்டுபவரின் எடை படகின் எடையோடு போட்டி போடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து கிலோ பசையை மிச்சம் பிடிப்பது, ஐந்து கிலோ உடம்பைக் குறைப்பது, எது சுலபம் என்று அவரவருக்குத் தெரியும்.

மோட்டாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சின்ன அவுட்போர்டு மோட்டாரின் தண்டு பெரும்பாலும் 15 அங்குலம் அல்லது 20 அங்குலம் என்ற அளவில் வரும். சின்னப் பந்தயப் படகுகளின் பின்பலகை பெரும்பாலும் 15க்குத்தான். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். மிகவும் தாழ்ந்தால் இழுவை, மிகவும் உயர்ந்தால் புரொப்பெல்லர் காற்றை வாங்கிச் சும்மா சுற்றும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் அதே திறனுள்ள நாலு ஸ்ட்ரோக்கைவிடப் பல கிலோ குறைவு. அந்த வித்தியாசம் முழுக்கப் பின்பலகையில் தொங்குகிறது. உங்கள் வகையின் விதி எதை அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றி விளம்பரம் சொல்வதை ஒரு கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். மோட்டார் நிமிடத்துக்கு 5500 சுற்று, பல்சக்கர விகிதம் 2.08, புரொப்பெல்லரின் முன்னேற்றம் சுற்றுக்கு 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லர் நீரில் வழுக்கவே இல்லாவிட்டால் மணிக்கு 32 கி.மீ. வரும். நடைமுறையில் 15 சதவீதம் வழுக்கினால் 27. எட்டு அடிப் பெட்டிக்குள் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து போகும்போது அந்த 27, நெடுஞ்சாலையில் 100 மாதிரி இருக்கும். உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம், உடம்போடு கட்டிய கயிறு இழுபட்டால் மோட்டாரை நிறுத்தும் விசை, மூன்றும் கிட்டில் வராது. ஆனால் கிட்டின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

நாலாவது ஒரு வழியும் உண்டு, யாரோ கட்டி ஓட்டி அலுத்துப்போன படகை வாங்குவது. பந்தயம்தான் முக்கியம், கட்டுவது இல்லை என்றால் அதுதான் மலிவு. பின்பலகையின் அடியிலும் மோட்டார் பிடிக்கும் இடத்திலும் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கட்டித்தான் பார்ப்பேன் என்பவருக்கு என் வரிசை இது. ஓடும் வகை பக்கத்தில் இருந்தால் அதன் முழுக் கிட். இல்லை, நல்ல பிளைவுட் கிடைக்கும் என்றால் பாதிக் கிட். முன்பே ஒரு துடுப்புப் படகாவது கட்டியிருக்கிறீர்கள், இழைப்புளி கைக்குப் பழக்கம் என்றால் வரைபடம். அதிலும் ஹைட்ரோபிளேனை இரண்டாவது படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதற்கும் பணம் அனுப்பும் முன், கட்டுமானக் கையேடு தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்து அதை மட்டும் வாங்கி ஒரு வாரம் படியுங்கள். உப்புத்தாள் பற்றி எழுதியிருக்கும் பக்கங்களைக் கடந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஆர்டர் கொடுங்கள்.